தரையணிலுக்கு ஈயமில்லாத .22 தோட்டா: வாங்கும் முன்னும் சுடும் முன்னும்

கலிஃபோர்னியாவின் மேய்ச்சல் நிலங்களிலும் ஆல்ஃபால்ஃபா தீவனப்பயிர் வயல்களிலும் சுடப்படும் தரையணிலைப் பெரும்பாலும் யாரும் எடுத்துப் போவதில்லை. அது விழுந்த இடத்திலேயே கிடக்கும். செவ்வால் பருந்தும் பொன் கழுகும் அண்டங்காக்கையும் அதைத் தேடி வரும். ஈயக் குண்டு எலும்பில் பட்டதும் நொறுங்கிச் சதைக்குள் பொடிப்பொடியாகச் சிதறியிருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாத அந்தத் துணுக்குகள் எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். தின்ற பறவையின் வயிற்று அமிலம் அவற்றைக் கரைத்து இரத்தத்தில் சேர்த்துவிடும். பிறகு குடல் அசைவு நின்றுபோகும். தீனிப்பை நிறைய இரை இருந்தும் பறவை பட்டினியால் சாகும். 1982இல் 22 என்ற எண்ணிக்கைக்குச் சரிந்த கலிஃபோர்னியா காண்டோர் என்ற பிணந்தின்னிக் கழுகு, இனப்பெருக்கத் திட்டத்தால் மீண்டு காட்டுக்குத் திரும்பியது. அங்கே அதை அதிகம் கொல்வது இன்றும் ஈய நஞ்சுதான்.

ஈயக் குண்டைத் தடுக்கும் கலிஃபோர்னியாவின் ஏபி 711 சட்டம் 2013இல் கையெழுத்தானது. 2019 ஜூலை 1 முதல் மாநிலம் முழுவதும் முழுமையாக நடப்புக்கு வந்தது. காட்டுயிர் எதைத் துப்பாக்கியால் சுட்டாலும் ஈயமில்லாத குண்டுதான் போட வேண்டும். பயிரைக் காப்பதற்காகச் சுடும் தரையணிலுக்கும் இது பொருந்தும். குண்டின் எடையில் ஈயம் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இலக்குப் பயிற்சிக்கு இந்தத் தடை இல்லை. பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு: வேட்டையின்போது, கையிலுள்ள துப்பாக்கியில் போடக்கூடிய ஈயத் தோட்டாவை வைத்திருப்பதே குற்றம். பயிற்சிக்கு வாங்கிய பழைய பெட்டியைச் சட்டைப்பையிலிருந்தும் வண்டியிலிருந்தும் எடுத்து வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

கடையில் ஏமாற வைப்பது செம்பு நிறம். பளபளக்கும் .22 (0.22 அங்குல விட்டமுள்ள) குண்டுகளில் பெரும்பாலானவை ஈயத்தின் மேல் மெல்லிய செம்புப் பூச்சு பூசியவை. 'ஈயமில்லாத பிரைமர்' என்று எழுதியிருந்தால் அது பற்றவைக்கும் மருந்தைப் பற்றியது, குண்டைப் பற்றியதல்ல. குண்டு எந்த உலோகம் என்று பெட்டியில் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் வாங்காதீர்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது எடை. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம், அதே அளவு செம்பு 9 கிராம், வெள்ளீயமும் துத்தநாகமும் 7 கிராமைச் சற்றே தாண்டும். 40 கிரெய்ன் (ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்) ஈயக் குண்டின் அளவிலேயே வெள்ளீயத்தில் வார்த்தால் 26 கிரெய்ன்தான் வரும். எடையைக் கூட்டக் குண்டை நீட்டலாமே என்றால், .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) துப்பாக்கிக் குழலுக்குள் குண்டைச் சுழற்றுவதற்காக வெட்டிய உள்வரி 16 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான் சுற்றுகிறது. நீளமான குண்டை நிலையாகச் சுழற்ற அது போதாது. அதனால்தான் சந்தையில் இருப்பவை எல்லாம் இலேசானவை, வேகமானவை. சி.சி.ஐ. நிறுவனத்தின் காப்பர்-22, செம்புத் துகளையும் பாலிமரையும் சேர்த்து அழுத்திய 21 கிரெய்ன் குண்டு. வேகம் நொடிக்கு 1,850 அடி. வின்செஸ்டரின் வெள்ளீயக் குண்டு 26 கிரெய்ன், 1,650 அடி. நார்மாவின் துத்தநாகக் குண்டு 24 கிரெய்ன், 1,700 அடி அளவில்.

குழல்வாயில் இந்த வேகம் மிரட்டும். ஆனால் இலேசான குண்டு காற்றில் சீக்கிரம் தளர்ந்துவிடும், பக்கக் காற்றில் எளிதில் விலகும். 100 கெஜத்தில் ஈயக் குண்டால் அணில் சுட்டவர், இதனால் 50, மிஞ்சினால் 60 கெஜத்தோடு நிறுத்திக்கொள்வதே அணிலுக்குச் செய்யும் நியாயம். அடிபட்டு வளைக்குள் ஓடிச் சாகும் அணில் யார் கணக்கிலும் வராது.

எந்தத் தோட்டா நல்லது என்ற கேள்விக்கு உங்கள் துப்பாக்கிதான் பதில் சொல்ல வேண்டும். ஒரே மாடல் துப்பாக்கிகள் இரண்டு, ஒரே பெட்டித் தோட்டாவை வேறுவேறாகச் சுடும். இரண்டு மூன்று வகைகளில் ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள். குழலில் பழைய ஈயமும் மெழுகும் படிந்திருக்கும். நன்றாகத் துடைத்துவிட்டு, முதல் 10, 15 தோட்டாவைக் கணக்கில் சேர்க்காமல் சுடுங்கள். இதைச் செய்யாமலே 'குறி சிதறுகிறது' என்று தள்ளிவிடுபவர்கள்தான் அதிகம். பிறகு 50 கெஜத்தில், ஐந்தைந்தாக நான்கு தொகுதி. அவற்றில் மோசமான தொகுதிதான் உங்கள் அளவுகோல். அதுவும் ஓர் அங்குல வட்டத்துக்குள் அடங்கினால் தலைக்குக் குறி வைக்கலாம். அடங்காவிட்டால் 40, 30 கெஜம் என்று நெருங்கிப் பாருங்கள். அடங்கும் தூரமே உங்கள் எல்லை. தாளில் துளை வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் நீண்டிருந்தால் குண்டு பறக்கும்போதே குட்டிக்கரணம் போடுகிறது என்று பொருள். அந்த வகையை அந்தக் குழலில் மீண்டும் போடாதீர்கள். குண்டு படும் இடமும் ஈயத்தோடு ஒத்துப்போகாது, ஆகவே துப்பாக்கி மேலுள்ள குறிபார்க்கும் தொலைநோக்கியைப் புதிதாகச் சரிசெய்தே ஆக வேண்டும்.

அரைத் தானியங்கித் துப்பாக்கியில் இலேசான குண்டு, தோட்டாவை ஏற்றி இறக்கும் போல்ட்டை முழுதாகப் பின்தள்ளாமல் போகலாம். வெற்றுக்கூடு வாயிலில் சிக்கும், அடுத்த தோட்டா ஏறாது. போல்ட் ஆக்‌ஷனில் கையாலேயே தோட்டாவை ஏற்றுவதால் இந்தத் தொல்லை இல்லை. துத்தநாகம் ஈயத்தைவிடக் கெட்டி; கல்லில் பட்டால் நசுங்காமல் தெறித்துப் போகும். மண்மேட்டையோ சரிவையோ பின்னணியாக வைத்துக் கீழ்நோக்கிச் சுட இடமிருந்தால் மட்டும் சுடுங்கள். வரப்பு விளிம்பில் வானத்தைப் பின்னால் வைத்து உட்கார்ந்திருக்கும் அணிலை விட்டுவிடுங்கள்.

வேறு துப்பாக்கி வாங்கும் எண்ணம் இருந்தால் 0.17 அங்குலக் குண்டைச் சுடும் .17 எச்.எம்.ஆர். நல்ல வழி. அதன் ஈயக் குண்டே 17 கிரெய்ன்தான். ஹார்னடியின் ஈயமில்லாத என்.டி.எக்ஸ். 15.5 கிரெய்ன், 2,525 அடி. எடை வித்தியாசம் சிறியது என்பதால் 100 கெஜத்திலும் ஏறக்குறைய பழைய குணமே இருக்கும். ஆனால் சதையைக் கிழித்துவிடும். முயலோ மர அணிலோ சமையலுக்கு என்றால் .22இல் தலைக்குச் சுடுவதே சரி.

சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் தென்பகுதியில் சுடுபவர்கள் அணிலின் விலாவில் வெள்ளைக் கோடும் வாலின் அடியில் வெண்மையும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே விசையில் விரல் வைக்க வேண்டும். இருந்தால் அது சட்டப் பாதுகாப்புள்ள சான் வாக்கீன் ஆன்டிலோப் அணில். அதைச் சுடக் கூடாது.