வண்ணாரப்பேட்டை மெட்ரோ நிலையம் ஏன் மிதப்பதில்லை?

சென்னையில் உயர் நீதிமன்றம், மண்ணடி, வண்ணாரப்பேட்டை, சர் தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை ஆகிய ஐந்து மெட்ரோ நிலையங்களும் நிலத்துக்கடியில் இருக்கின்றன. முதல் மூன்றும் 2019 பிப்ரவரியில் திறக்கப்பட்டன, மற்ற இரண்டும் 2021 பிப்ரவரியில். சைதாப்பேட்டைப் பக்கம் தோண்டினால் பாறை தட்டும். இங்கே மணலும் களிமண்ணும்தான். கடலும் பக்கத்தில் என்பதால், சில மீட்டர் இறங்கினாலே ஊற்று வந்துவிடும். இந்த நிலையங்களின் சுவர் கனம் முதல் ஓவியம் மாட்டும் இடம் வரை பலவற்றையும் தீர்மானிப்பது அந்தத் தண்ணீர்.

ஒரு மாதிரிக் கணக்கு. நிலையம் என்பது 200 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் கொண்ட கான்கிரீட் பெட்டி; அதன் அடித்தளம் 17 மீட்டர் ஆழத்தில்; நிலத்தடி நீர் 3 மீட்டரில் என்று வையுங்கள். அடித்தளத்தின் கீழே 14 மீட்டர் உயர நீரின் அழுத்தம் மேல்நோக்கித் தள்ளும், அதாவது ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 14 டன். மொத்தம் 56,000 டன். பெட்டிக்குள் இருப்பதோ பெரும்பாலும் காற்று.

எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது? அடித்தளம், இடைத்தளம், கூரை மூன்றும் சேர்ந்து 2.7 மீட்டர் கான்கிரீட் என்றால் சதுர மீட்டருக்கு 6.75 டன். ஒரு மீட்டர் கனமும் 20 மீட்டர் ஆழமும் உள்ள இரண்டு பக்கச் சுவர்களின் எடையைத் தளப்பரப்புக்குப் பகிர்ந்தால் சதுர மீட்டருக்கு இன்னொரு 5 டன். கூட்டினால் 11.75. போதாது! கூரைமேல் இரண்டரை மீட்டர் மண்ணை நிரப்பிய பிறகுதான் இன்னும் 4.5 டன் சேர்ந்து 16.25 ஆகிறது. கூரைக்கு மேல் கிடக்கும் மண் வெறும் நிரப்பு அல்ல, நங்கூரம். அதைப் போடுவதற்கு முன் நீரிறைக்கும் மோட்டார்களை நிறுத்தினால், கட்டி முடித்த பெட்டியே மேலெழும்பப் பார்க்கும், அடித்தளத்தில் விரிசல் விழும். எடை இன்னும் போதாத இடங்களில் அடித்தளத்திலிருந்து இழுவிசை தாங்கும் பைல்களை (நிலத்துக்குள் ஆழமாகப் பதியும் தூண்களை) இறக்குவார்கள்.

தோண்டுவதற்கு முன்பே சுவர் எழுந்துவிடுகிறது. இதற்கு டயாஃப்ரம் சுவர் என்று பெயர், தளத்தில் ‘டி-வால்’. சாலையோரமாக வழிகாட்டிச் சுவர் கட்டி, அதன் நடுவே ஐந்தாறு மீட்டர் நீளத் துண்டாகப் பள்ளம் எடுப்பார்கள். மணல் சரியாமலிருக்க பள்ளம் முழுக்க பென்டோனைட் என்ற களிமண்ணைக் கரைத்த குழம்பு நிற்கும். குழம்பின் மட்டம் நிலத்தடி நீரைவிட ஒரு மீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர்மட்டம் ஏறும்போது இந்த இடைவெளி குறைந்து பள்ளத்தின் பக்கம் சரியும். அதனால் வழிகாட்டிச் சுவரை முன்கூட்டியே உயர்த்திவைப்பது நல்லது.

பிறகு கம்பிக்கூட்டை இறக்கி, ட்ரெமி குழாய் வழியே அடியிலிருந்து மேலாக கான்கிரீட் நிரப்புவார்கள். குழம்பு மேலே வழிந்து வெளியேறும். குழாயின் நுனி எப்போதும் கான்கிரீட்டுக்குள் இரண்டு மீட்டராவது புதைந்திருக்க வேண்டும். அவசரத்தில் கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிட்டால் குழம்பு உள்ளே கலந்து, சுவரில் சேற்றுப் பொத்தல் உருவாகும். மாதங்கள் கழித்து உள்ளே தோண்டும்போதுதான் அது தெரியவரும். தண்ணீர் மட்டும் வந்தால் பரவாயில்லை, இறைத்துவிடலாம். மணலையும் இழுத்துக்கொண்டு வருவதுதான் ஆபத்து: வெளியே சாலைக்கு அடியில் குழி விழும், சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீடுகளில் கீறல் ஓடும். 1892இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கட்டடமும் ஜார்ஜ் டவுனின் நெருக்கமான தெருக்களும் இருக்கும் பகுதியில், கட்டடம் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று அளந்துகொண்டேதான் தோண்ட முடியும்.

மண்ணையே அச்சாகக் கொண்டு வார்த்த சுவர் கரடுமுரடாக இருக்கும். துண்டுகள் சேரும் இடத்தில் ரப்பர் பட்டை வைத்தாலும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கடலோர நீரின் உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் என்பதால் கசிவைக் கண்டுபிடித்து அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எனவே உண்மைச் சுவருக்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டு, பலகைகளால் இன்னொரு மறைப்பு எழுப்புகிறார்கள். கசியும் நீர் இடைவெளியில் இறங்கி, சிறு வாய்க்கால் வழியே சம்புக்குப் போய், மோட்டாரால் வெளியேறும். பயணியின் கண்ணுக்குத் தெரிவது இந்த மறைப்புதான்.

ஓவியம் மாட்டப்படுவதும் இதன்மேல்தான். ஸ்டாக்ஹோமில் கடினப் பாறையைக் குடைந்தார்கள்; அதனால் 1975இல் டி-சென்ட்ரலன் நிலையத்தின் குகைச் சுவரிலேயே நீலக் கொடிகளை வரைய முடிந்தது. நம் மணலில் டி-வால்மீது நேராக டைல்ஸ் ஓவியம் ஒட்டினால், பின்னாலிருந்து உப்புப் பூத்துத் தள்ளிவிடும். துணி, மரம், வினைல் எதுவும் ஆகாது: நிலத்தடியில் நெருப்பைவிடப் புகை வேகமாகக் கொல்லும். எரியாத பொருள்தான் வேண்டும். கருங்கல், பீங்கான் அல்லது எனாமல் பூசிய எஃகுத் தகடு. மூன்றாவதில் படமே கண்ணாடிப் பூச்சாக சுமார் 800 டிகிரியில் சுடப்படுவதால் பிரேக் தூசி படிந்தாலும் துடைத்துவிடலாம்.

ஆனால் ஒவ்வொரு தகடும் கழற்றி மாட்டக்கூடியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் கசிவைப் பார்க்கவே முடியாது. ஆகவே ஓவியர் முதலில் கேட்டு வாங்க வேண்டியது தகடுகளின் இணைப்புக் கோடுகள் உள்ள வரைபடத்தை. முகத்தின் நடுவே கோடு ஓடினால் எத்தனை நல்ல படமும் கெட்டது. பளபளப்பு அதிகமானால் விளக்கு பிரதிபலித்து பாதிப் படம் மறையும். இடமும் முக்கியம். நடைமேடையில் தரையிலிருந்து மேல்வரை கண்ணாடிக் கதவுகள் வந்துவிட்டதால் (குளிர்காற்று சுரங்கத்துக்குள் ஓடாமலிருக்கவும், யாரும் தண்டவாளத்தில் விழாமலிருக்கவும்) எதிர்ச்சுவர் ஓவியருக்குப் பயன்படாது. மிஞ்சுவது டிக்கெட் வாங்கும் கான்கோர்ஸும் நடைபாதைகளும்தான். அங்கேயும் சுவரை விட்டுத் துருத்தும் சிற்பத்துக்கு இடம் கிடைப்பது கடினம்: விபத்தென்றால் நான்கு நிமிடத்தில் நடைமேடை காலியாக வேண்டும், ஆறு நிமிடத்தில் எல்லோரும் பாதுகாப்பான இடத்தை எட்ட வேண்டும் என்ற, பல நாடுகளிலும் பின்பற்றப்படும் அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதியை (NFPA 130) வைத்தே வழிகளின் அகலம் கணக்கிடப்படுகிறது.

மாட்டிய பிறகு பராமரிப்பவர் பார்க்க வேண்டியது தகடுகளின் கீழ்விளிம்பை. அங்கே வெள்ளையாக உப்புத் தடம் தெரிந்தால், பின்னாலுள்ள வாய்க்கால் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். தடத்தைத் துடைத்துவிட்டுப் போனால் பயனில்லை. தகட்டைக் கழற்றி வாய்க்காலைத் தூர்வார வேண்டும்.