பத்து நாள் குளிசை போட்டும் மனம் ஏன் தெளியவில்லை?

“அக்காவுக்கு மனச்சோர்வு என்று கிளினிக்கில் ஃபுளுஒக்செட்டின் குளிசை தந்தார்கள். பத்து நாளாகப் போடுகிறார். வயிற்றைப் பிரட்டுகிறதே தவிர வேறு மாற்றமில்லை. நிப்பாட்டிவிட்டு நூல் கட்டுவோம் என்கிறார் அம்மா.” திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்.

நிப்பாட்ட வேண்டாம்.

இரண்டு வாரமாவது, நாளின் பெரும்பகுதி மனம் தாழ்ந்து கிடப்பது, பிடித்ததிலும் பிடிப்பு விட்டுப்போவது, நித்திரையும் பசியும் குழம்புவது: மனச்சோர்வின் அடையாளங்கள் பலருக்கும் தெரிந்தவைதான். சரி, குளிசைக்கு வருவோம்.

மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புக்கலங்கள். அவற்றில், கலத்துக்குக் கலம் செய்தி கொண்டுபோகும் செரோட்டோனின் என்ற இரசாயனத்தை அனுப்புபவை சில இலட்சம் மட்டுமே. பெரும்பாலும் மூளைத்தண்டில் கொத்தாக இருந்துகொண்டு மூளை முழுதும் இழைகளை ஓட விட்டிருக்கின்றன. வெளியே விட்ட செரோட்டோனினை அதே கலம் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஃபுளுஒக்செட்டின் அந்த வாசலை அடைக்கிறது. அதற்குச் சில மணித்தியாலம் போதும்.

அப்படியானால் மறுநாளே தெளிய வேண்டுமே? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அனுப்பும் கலத்தின் மேலேயே செரோட்டோனினை மோப்பம் பிடிக்கும் ஏற்பிகள் உண்டு. வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் மட்டம் ஏறினால் மிதவை எழும்பிக் குழாயை மூடுமல்லவா, அதே வேலை. குளிசையால் செரோட்டோனின் கூடியதும் இந்த ஏற்பிகள் “போதும்” என்கின்றன. கலம் சமிக்ஞை அனுப்புவதைக் குறைத்துவிடுகிறது. மருந்து ஒரு பக்கம் கூட்ட, மூளை மறுபக்கம் குறைக்கிறது! நாள்தோறும் செரோட்டோனினில் ஊறிக்கிடந்து, இரண்டு மூன்று வாரத்தில் அந்த ஏற்பிகள் மரத்துப்போகின்றன. கலம் பழைய வேகத்துக்குத் திரும்புகிறது. வாசலோ இன்னும் அடைபட்டபடி. செரோட்டோனின் உண்மையில் கூடுவது அப்போதுதான். பிறகு நரம்பிணைப்புகள் திருந்தவும் நாள் எடுக்கும். முழுப் பலனுக்கு 4 முதல் 6 வாரம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

மனச்சோர்வு என்றாலே செரோட்டோனின் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பரம்பரை, இழப்பு, நீண்டகால உளைச்சல் எல்லாம் அதில் சேரும். போரையும் 2004 சுனாமியையும் கண்ட திருகோணமலைக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

வயிறு மட்டும் ஏன் காத்திருக்கவில்லை? உடம்பின் செரோட்டோனினில் ஏறக்குறைய 90 வீதம் குடலில்தான் இருக்கிறது. தொல்லை முதலில், பலன் பிறகு. நூல் கட்டுகிறவர் நுழைவது அந்த இடைவெளியில். மூன்றாம் வாரம் நூல் கட்டி ஐந்தாம் வாரம் தெளிந்தால் பேர் யாருக்குப் போகும்? அம்மாவுக்கு மனம் ஆறுமென்றால் நூலைக் கட்டுங்கள், குளிசையும் தொடரட்டும்.

கெட்டமின் என்ற மயக்க மருந்து வேறு வழியால் சில மணித்தியாலத்திலேயே மனத்தைத் தூக்குகிறது. அப்படியான மருந்துகளைத் தேடப் பணம் வேண்டும். அரசுகளோ சுகாதாரச் செலவில் சராசரியாக 2 வீதமளவே மனநலத்துக்குத் தருகின்றன. எனக்கு இது வெட்கக்கேடாகத்தான் படுகிறது.

ஒன்று மட்டும் கவனம். முதல் வாரங்களில், முக்கியமாக இளவயதினருக்கு, பதற்றமோ சாக வேண்டும் என்ற எண்ணமோ கூடினால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.