சாலைப் பணிப் பள்ளத்தில் விழுந்தால்: அபராதம் யாருக்கு, இழப்பீடு எப்படி?

நெடுஞ்சாலையில் வேலை நடக்கும் இடத்தில் பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றாததால் ஒருவர் இறந்தாலோ ஊனமடைந்தாலோ, ஒப்பந்ததாரருக்கும் சாலைக்குப் பொறுப்பான துறைக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க, 2019 திருத்தத்தில் வந்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவு இடமளிக்கிறது. இந்தப் பணம் தங்களுக்குக் கிடைக்கும் என்று நம்பி அலைந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். கிடைக்காது. அபராதம் அரசின் விபத்து நிதிக்குப் போகிறது. இழப்பீட்டுக்குக் குடும்பம் தனியாகத்தான் வழக்குத் தொடுக்க வேண்டும்.

அந்த வழக்கு பெரும்பாலும் முதல் நாளே பலவீனமாகிவிடுகிறது. மருத்துவமனையில் “எப்படி அடிபட்டது?” என்று கேட்கும்போது, பதறி நிற்கும் உறவினர் “வண்டியிலிருந்து விழுந்துட்டாருங்க” என்கிறார், விபத்துப் பதிவேட்டில் அது “தானாகக் கீழே விழுந்து” என்று ஏறுகிறது, காவல் நிலையமும் அதையே ஒட்டி, ஓட்டியவரின் கவனக்குறைவு என்று எஃப்.ஐ.ஆர். எழுதிவிடுகிறது. எந்தப் பள்ளம், தடுப்பு இருந்ததா, விளக்கு எரிந்ததா என்பதை இரண்டு இடத்திலும் சொல்லி எழுதவையுங்கள். புகாரை வாங்க மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அன்றிரவே படம் எடுத்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மறுநாள் மதியம் போனபோது, முந்தின இரவு குச்சியில் கட்டிய சிவப்புத் துணி மட்டும் இருந்த இடத்தில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புதிய எச்சரிக்கைப் பலகைகள் நின்றன.

பிறகு தொடங்குவது அலைச்சல். தேசிய நெடுஞ்சாலை அலுவலகம் ஒப்பந்ததாரரைக் கைகாட்டும், அவர் துணை ஒப்பந்ததாரரைச் சொல்வார், மாநில நெடுஞ்சாலைத் துறை “அது எங்கள் சாலையே இல்லை” என்று அனுப்பிவிடும். வாய்ப்பதிலை நம்பி மாதங்களைத் தொலைக்காதீர்கள். சாலை யார் பொறுப்பில் உள்ளது, ஒப்பந்ததாரர் யார், அந்த இடத்துக்கான போக்குவரத்து மேலாண்மைத் திட்டத்தின் (வேலை நடக்கும்போது தடுப்பு, பலகை, விளக்கு எங்கே வைக்க வேண்டும் என்ற திட்டம்) நகல் ஆகியவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும்.

வேறு வாகனம் மோதாமல் பள்ளத்தில் விழுந்தவருக்கு, இன்சூரன்ஸில் உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு இருக்கலாம். ஆனால் வண்டி அவர் பெயரில் இருக்க வேண்டும், ஓட்டுநர் உரிமம் நடப்பில் இருக்க வேண்டும். இரவல் வண்டி என்றால் கைவிரித்துவிடுவார்கள்.

198-ஏ வழக்கில், ஆபத்து துறைக்கு முன்பே தெரியுமா என்பதை நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆகவே தேசிய நெடுஞ்சாலையில் தடுப்பில்லாத பள்ளத்தைக் கண்டால், யாரும் விழுவதற்கு முன்பே தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033-க்கு அழைத்துப் புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.