எண்ணெய் ஊசியா, எண்ணெய் பாய்ச்சலா?

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு தொழிற்பயிற்சிக் கையேட்டில் பாடத் தலைப்பு இப்படி இருந்தது: ‘எண்ணெய் ஊசித் திருகு கம்ப்ரசரின் செயல்திறன் மாதிரி’. இயந்திரத்துக்கு என்ன காய்ச்சலோ, ஊசி போட்டிருக்கிறார்கள்.

இன்ஜெக்ஷன் என்பதன் லத்தீன் வேருக்கு ‘உள்ளே எறிதல்’ என்று பொருள். ஆஸ்பத்திரி வழியாக வந்ததால் நமக்கு அது ஊசி. திருகு என்பதில் எனக்குச் சண்டை இல்லை; திருகு வடிவச் சுழலிகள் இரண்டு சுழன்று காற்றை அமுக்கும் இயந்திரம்தான் இது. கம்ப்ரசருக்கு ‘அமுக்கி’ உண்டு. ஆனால் பஞ்சர் கடை முதல் தோல் ஷெட் வரை கம்ப்ரசர் என்றே வழங்குவதால் நானும் அதைத் தொடவில்லை.

ஊசியைக் கேலி செய்பவர்கள் கொண்டுவரும் மாற்று, ‘எண்ணெய் உட்செலுத்தப்பட்ட’. ஊசியைவிட இதுதான் மோசம். ஊசியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். இது கற்றவர் வேடத்தில் வந்து தவறாகச் சொல்லிக்கொடுக்கிறது. ‘பட்ட’ என்றால் ஒருமுறை நிரப்பி முடிந்தது என்றாகிறது. நடப்பது வேறு. இயந்திரம் காற்றை உள்ளிழுத்து, நுழைவழி அடைபட்டதும், உறையில் உள்ள துளை வழியாக எண்ணெய் பாய்கிறது. சூட்டை வாங்கிக்கொள்கிறது, இரு சுழலிகளுக்கு இடையிலான இடுக்குகளை அடைக்கிறது, உராய்வைத் தணிக்கிறது. பிறகு காற்றோடு வெளியேறி, செப்பரேட்டரில் பிரிந்து, குளிர்ந்து, வடிகட்டப்பட்டு அதே துளைக்குத் திரும்புகிறது. இயந்திரம் ஓடும்வரை இந்தச் சுற்று ஓயாது. 1930களில் ஸ்வீடனில் ஆல்ஃப் லிஷோல்ம் உருவாக்கிய திருகு கம்ப்ரசர்கள் எண்ணெய் பாய்ச்சாதவை. 1950களில்தான் பாய்ச்சத் தொடங்கினார்கள். 27 டிகிரிக் காற்றை வெப்பம் வெளியேறாமல், அதன் அழுத்தம் எட்டு மடங்காகும்வரை அமுக்கினால் கணக்குப்படி சுமார் 270 டிகிரி வரும். எண்ணெய் பாய்ந்தால் பொதுவாக 100 டிகிரிக்குள் நிற்கும்.

ஆகவே ‘எண்ணெய் பாய்ச்சும் திருகு கம்ப்ரசர்’ என்பேன். பாய்ச்சுவது கழனிக்குத்தானே என்று ஒரு தனித்தமிழ் நண்பர் முகம் சுளித்தார். மின்சாரத்தையும் பாய்ச்சுகிறோம், கத்தியையும் பாய்ச்சுகிறோம். எண்ணெய்க்கு மட்டும் என்ன தீட்டு?

அடுத்தது ‘மாதிரி’, அதாவது மாடல். தோல் பதனிடும் ஊர்களில் மாதிரி என்றால், மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பாட்டிலில் பிடித்துப்போகும் கழிவுநீர். இங்கே பேசப்படுவதோ கணக்கு. சுழலி திரும்பும் ஒவ்வொரு கோணத்திலும் அறையின் கன அளவு எவ்வளவு, எவ்வளவு எண்ணெய் புகுந்தது, இடுக்குகளில் எவ்வளவு காற்று கசிந்தது என்று சமன்பாடு எழுதி, அழுத்தத்தையும் வெப்பநிலையையும் படிப்படியாகக் கண்டுபிடிப்பது. எண்ணெய் எந்தக் கோணத்தில், என்ன சூட்டில் புகுகிறது என்பதெல்லாம் இதில் முக்கியம். ‘உட்செலுத்தப்பட்ட’ என்று படித்த மாணவன் எண்ணெயை நிலையான அளவாக எடுத்துக்கொண்டால் அவனைக் குறை சொல்ல முடியாது. ‘கணித மாதிரி’ என்று முழுதாக எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. ஒரு சொல்லை மிச்சம் பிடித்து என்ன கண்டார்கள்?

‘செயல்திறன்’ கதை இன்னும் வேடிக்கை. பள்ளி இயற்பியலில் திறன் என்பது பவர். எஃபிஷியன்சிக்குப் பயனுறு திறன். மொழிபெயர்ப்பாளர்களோ பெர்ஃபார்மன்ஸ், எஃபிஷியன்சி இரண்டுக்கும் செயல்திறன் என்கிறார்கள். விளைவு, அதே கையேட்டில்: ‘ஒரே அளவு காற்றுக்குத் திறன் குறைந்தால் செயல்திறன் கூடும்’. வாக்கியம் சொல்வது உண்மைதான்: பவர் குறைவாகச் செலவானால் எஃபிஷியன்சி கூடும். ஆனால் ஐடிஐ முடித்த பையன் இதை எத்தனை முறை படித்தாலும் பிடிபடாது. பெர்ஃபார்மன்ஸுக்குச் ‘செயற்பாடு’ போதும். எஃபிஷியன்சிக்குப் பள்ளிப் புத்தகச் சொல் அப்படியே இருக்கட்டும்.