சிவப்பு வாணம் போட்டோவில் ஏன் வெளுத்துப்போகிறது?

"மாமா, கண்ணுக்குச் செக்கச்செவேல்னு தெரிஞ்சுது, போட்டோல பாத்தா வெள்ளையா இருக்கு. போன் சரியில்லயோ?"

போன தீபாவளிக்கு மறுநாள் என் மருமகன் கேட்டது இது. திருநெல்வேலியில் கொக்கிரகுளம் பக்கம் நின்று, சுலோச்சன முதலியார் பாலத்துக்கு மேலே விரிந்த ஷாட் வெடிகளை எடுத்திருந்தான். பாலத்து விளக்குகளும் தாமிரபரணியில் அவை நெளிவதும் அருமையாக வந்திருந்தன. வாணம் மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. போனில் ஒரு கோளாறும் இல்லை.

நிறம் எங்கிருந்து வருகிறது என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஸ்ட்ரான்சியம் சிவப்பு, பேரியம் பச்சை, சோடியம் மஞ்சள், தாமிரம் நீலம். சிவகாசிக்காரர்கள் மணிமருந்து என்று சொல்லும் சின்ன உருண்டைகளில் இந்த உப்புகளைச் சேர்த்திருப்பார்கள். வாணம் மேலே போய் வெடித்ததும் அவை எரிந்துகொண்டே நாலாபக்கமும் சிதறும்.

சரி, இருட்டில் படம் எடுக்க கேமராவுக்குள் வெளிச்சத்தை விடும் கதவான ஷட்டரை நிறைய நேரம் திறந்து வைக்க வேண்டும், நேரம் கூடக்கூட வெளிச்சம் கூடும் என்றுதான் எல்லோரும் பழகியிருக்கிறோம். அசையாமல் நிற்கிற பாலத்துக்கு அது சரி, பறக்கிற பொறிக்குச் செல்லாது. அவன் எடுத்திருந்த வீடியோவில் வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே ஒன்றரை விநாடி இருந்தது. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும், ஆக வாணம் வெடித்தது ஏறக்குறைய 500 மீட்டர் தள்ளி. அங்கே ஒரு பொறி விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் குறுக்கே பாய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 மில்லிமீட்டர் லென்ஸ் போட்ட கேமராவில் அதன் பிம்பம், வெளிச்சத்தைப் பதியும் சில்லான சென்சார் மேல் விநாடிக்கு ஒன்றரை மில்லிமீட்டர் போல நகரும். சென்சாரில் ஒரு புள்ளியான பிக்சலின் அகலம் 4 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நாலு பங்கு) என்றால், அதைத் தாண்ட 3 மில்லிவிநாடிகூட ஆகாது. ஷட்டர் 2 விநாடி திறந்திருந்தாலும் 8 விநாடி திறந்திருந்தாலும் அந்தப் பிக்சலுக்கு அந்தப் பொறியிடமிருந்து கிடைப்பது அவ்வளவுதான்! நேரத்தைக் கூட்டினால் கோடு நீளும், இன்னும் நாலு வாணம் வந்து சேரும், ஆனால் கோட்டின் பிரகாசம் அப்படியே இருக்கும். அதைக் கூட்டுவதும் குறைப்பதும் லென்ஸின் துளையும், சென்சாரில் பதிந்ததை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்ற அளவான ஐஎஸ்ஓவும்தான். அதனால் ஐஎஸ்ஓ 100, துளை எஃப் 8 அல்லது 11 (எண் கூடினால் துளை சிறுக்கும்) என்று வாணத்துக்காக வைத்துவிட்டு, பாலம் எவ்வளவு தெரிய வேண்டுமோ அதற்குத் தக்கபடி நேரத்தை வைத்துக்கொள்ளலாம். இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

இப்போது வெள்ளைக்கு வருவோம். சென்சாரில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வகை வடிகட்டி போட்ட பிக்சல்கள் இருக்கின்றன. சிவப்பு வெளிச்சம் அளவுக்கு மிஞ்சி விழும்போது சிவப்புப் பிக்சல் குடம் மாதிரி நிரம்பிவிடும், அதற்கு மேல் எவ்வளவு ஊற்றினாலும் அதே கணக்குதான். பச்சை, நீல வடிகட்டிகள் சிவப்பை முழுசாகத் தடுப்பதில்லை, கொஞ்சம் கசியும். அந்தக் கசிவிலேயே அவையும் நிரம்பினால் மூன்றும் சேர்ந்து வெள்ளை. மருமகனின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஒவ்வொரு கோட்டுக்கும் நடு வெள்ளை, இரண்டு ஓரத்திலும் நூல் மாதிரி சிவப்பு. கோட்டின் நுனிகள் தடித்திருந்தன, ஏனென்றால் காற்று தடுக்கத் தடுக்கப் பொறி வேகம் குறைந்து ஒவ்வொரு பிக்சலிலும் கூடுதல் நேரம் நிற்கிறது. பூவாக விரிந்த வாணத்தின் நடுவே சில வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. அவை நம்மை நோக்கி நேராக வந்த பொறிகள், சென்சாரில் நகராமல் ஒரே இடத்தில் நின்று எரிந்திருக்கின்றன.

பெரும்பாலான போன்களில் துளையை மாற்ற முடியாது. நைட் மோட் வேண்டாம், அது பல படங்களை ஒன்றாக ஒட்டுவதால் கோடு துண்டுதுண்டாகிவிடும். எல்லாவற்றையும் நாமே வைக்கிற புரோ மோடில் ஐஎஸ்ஓவை அடிமட்டத்துக்கு இறக்கி, போனை ஆடாமல் வைத்து, 2, 3 விநாடி கொடுங்கள். அப்போதும் வெளுத்தால் லென்ஸுக்கு முன்னால் ஒரு கூலிங் கிளாஸைப் பிடித்தால் போதும். அப்புறம் புகை. தமிழ்நாட்டில் தீபாவளி அன்று இரவு 7 முதல் 8 வரைதான் அனுமதி என்பதால் ஊரே சேர்ந்து வெடிக்கும், முதல் கால் மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பட்டாசில் பேரியம் சேர்க்க உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை போட்டது. அது இல்லாமல் நல்ல பச்சை கொண்டுவருவது வேதியியலில் லேசான காரியம் இல்லை. மணிமருந்து உராய்ந்து பற்றிக்கொண்டு எத்தனை பேர் கருகியிருக்கிறார்கள்! இவ்வளவு பணம் புரளும் தொழிலில் உராய்வுக்குப் பற்றாத மருந்தைத் தேடும் ஆராய்ச்சிக்குத் தாராளமாகவே செலவிட வேண்டும் என்பது என் கட்சி.

இந்தச் சித்திரையில் எங்கள் ஊர்க் கோவில் கொடைக்கு மருமகனும் வந்திருந்தான். வாணவேடிக்கை தொடங்கும்முன் போனைக் கிணற்றுத் திட்டில் செங்கல்லை அண்டக்கொடுத்து நிறுத்தி, ஐஎஸ்ஓ 50, 3 விநாடி என்று வைத்தான். முதல் வாணமே சிவப்பு. திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினான், கோடு அடியிலிருந்து நுனி வரை மிளகாய்ப் பழச் சிவப்பு.