நெல் வேருக்குள் இறந்து வழிவிடும் செல்கள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியதையும், தாமிரபரணி கரை மீறி ஓடியதையும் நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வெள்ளத்தை நினைவுகூர்ந்து சேரன்மகாதேவி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நான்கு நாள் வடியாமல் நின்ற தண்ணீரில் பிசானப் பருவத்து நெல் பச்சையாகவே நின்றது. பக்கத்துத் தோட்டத்துக் கத்தரியும் மிளகாயும் தண்ணீரில் நின்றபடியே வாடிவிட்டன. தண்ணீர் இல்லாவிட்டால்தானே செடி வாடும்?"

வேரும் சுவாசிக்கிறது என்பது பள்ளியில் படித்ததுதான். மண் துகள்களுக்கு இடையில் உள்ள காற்றைத் தண்ணீர் வெளியேற்றிவிட்டால், ஆக்சிஜன் வேரை எட்டுவது மிகக் கடினம். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் அது ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. ஆக்சிஜன் இல்லாதபோது, ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து சுமார் 30 ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) பெற வேண்டிய செல்லுக்கு 2 மட்டுமே கிடைக்கிறது. செல்லின் உட்பகுதி அமிலத்தன்மை அடைய, தண்ணீரை உள்ளே விடும் புரதத் துளைகள் மூடிக்கொள்கின்றன. மிளகாய் வாடியது இதனால்தான்: வேரைச் சுற்றித் தண்ணீர் நின்றும், அதை உறிஞ்சி இலைக்கு அனுப்ப வேரால் முடியவில்லை.

நெல்லோ, இலை வழியாகக் கிடைக்கும் காற்றைத் தண்டுக்குள்ளேயே இறக்கி வேர் வரை கொண்டு செல்கிறது. அந்தக் காற்று போகும் பாதை எப்படி உண்டாயிற்று என்பதுதான் எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காத பகுதி. அங்கே முன்பு உயிருள்ள செல்கள் இருந்தன. அவை குறித்த இடத்தில், குறித்த முறையில் இறந்து வழிவிட்டிருக்கின்றன.

வாழைத்தாரை அறையில் அடைத்து மூட்டம் போட்டுப் பழுக்க வைப்பதை நாம் பார்த்திருக்கிறோம். புகையிலும் காயிலிருந்தும் வரும் எத்திலீன் என்ற வாயு வெளியேற வழியின்றிச் செறிவதால் தார் பழுக்கிறது. நெல் வேரும் இதே எத்திலீனை எப்போதும் சிறிதளவு வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. மண்ணில் காற்று இருக்கும்போது அது கலைந்து போய்விடும். தண்ணீர் கட்டியதும் வெளியேற முடியாமல் வேருக்குள்ளேயே தேங்குகிறது. வெள்ளம் வந்திருக்கிறது என்பதை வேர் அறிந்துகொள்வது, தான் விட்ட வாயு தன்னிடமே தங்கிவிடுவதால்தான்.

1979இல் ட்ரூ, ஜாக்சன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மக்காச்சோள வேரில் காற்று போகும் பாதையாக அமையும் வெற்றிடங்களை, அதாவது காற்றறைகளை, எத்திலீன் உண்டாக்குவதைக் காட்டினார்கள். எத்திலீன் உணர்வைத் தடுக்கும் வெள்ளி அயனிகளைக் கொடுத்தபோது அறைகள் உண்டாவது தடைபட்டது. பின்னர் வந்த ஆய்வுகள் செல்லுக்குள் நடப்பதைத் திறந்து காட்டின. எத்திலீன் சேர்ந்ததும், வேரின் வெளியடுக்குக்கும் நடுத்திசுவுக்கும் இடையில் உள்ள புறணிச் செல்களில் கால்சியம் உயர்கிறது. ஒரு நொதி, செல்லை அரிக்கும் ஆக்சிஜன் வடிவங்களை உற்பத்தி செய்கிறது. அவற்றைத் தணிக்கக்கூடிய மெட்டலோதயோனின் என்ற புரதத்தின் மரபணு அதே நேரத்தில் அடங்கிப் போகிறது. நெருப்பை மூட்டிவிட்டு, அணைப்பதற்கான தண்ணீர்க் குடத்தையும் அப்புறப்படுத்துவது போன்றது இது. விலங்குகளில் இறந்த செல்லை விழுங்க வேறு செல்கள் உண்டு. தாவரச் செல்லைச் சுவர் சூழ்ந்திருப்பதால் அது தன்னைத் தானே செரித்தாக வேண்டும். வாக்குவோல் என்ற, செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பை உடைந்து உள்ளிருக்கும் நொதிகள் எல்லாவற்றையும் கரைக்க, செல்லுலேஸ் போன்ற நொதிகள் சுவரையும் சிதைக்கின்றன. நடுவில் உள்ள கடத்தும் திசுவும் வெளிப்புற அடுக்குகளும் இறப்பதில்லை.

நாற்று வேரைப் பிளேடால் மெல்லிசாகக் குறுக்கே சீவி, பள்ளி நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். நுனியிலிருந்து சற்றுத் தள்ளிச் சீவினால் வண்டிச் சக்கரம் தெரியும்: நடுக்குடமாகக் கடத்தும் திசு, விளிம்பு வட்டமாக வெளியடுக்கு, ஆரக்கால்களாக மிஞ்சிய சுவர்களின் இழைகள், இடையில் வெற்றிடம். சேற்றிலிருந்து பிடுங்கிய வேரில் துருநிறப் படிவு இருப்பதையும் கவனிக்கலாம். வேரிலிருந்து கசிந்த ஆக்சிஜன், சேற்றில் கரைந்திருந்த இரும்பைத் துருவாக்கியதன் அடையாளம் அது.

கத்தரிக்கும் மிளகாய்க்கும் இவ்வளவு விரைவாக இத்தகைய பாதையை அமைக்கும் திறன் இல்லை. நெல்லோ தண்ணீர் தேங்காத காலத்திலேயே சில அறைகளை அமைத்து வைத்து, வெள்ளத்தில் அவற்றைப் பெருக்குகிறது. வாடிய தோட்டத்தைக் கண்ணேறு என்று சொல்லி எலுமிச்சை கட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு வடிகால் வெட்டியிருந்தால் வேர் மூச்சு விட்டிருக்கும். 'அம்பை 16' என்ற நெல் ரகத்தைத் தந்த அம்பாசமுத்திரம் போன்ற நெல் ஆராய்ச்சி நிலையங்களில், உடனடியாக மகசூல் காட்டாத வேர் ஆய்வுக்கும் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நெல்லின் இந்த ஏற்பாட்டுக்கும் எல்லை உண்டு. இலை நுனியும் மூழ்கிவிட்டால் உள்ளே இறக்கக் காற்று இல்லை. ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற நெல் ரகத்தில் இருக்கும் சப்1ஏ மரபணு அப்போது கைகொடுக்கிறது. இது 2006இல் அடையாளம் காணப்பட்டது. தேங்கிய எத்திலீனே அதையும் தூண்டுகிறது. அது வளர்ச்சியை நிறுத்திச் சர்க்கரையைச் சேமிக்க வைப்பதால், பயிர் ஏறத்தாழ இரண்டு வாரம் தாக்குப்பிடிக்கிறது. சேரன்மகாதேவி வயலில் நெல்லின் நுனி தண்ணீருக்கு மேலேயே இருந்திருக்க வேண்டும். அதனால் வேருக்குள் இறந்த செல்கள் விட்டுச்சென்ற வழியே அதற்குப் போதுமானதாக இருந்தது.