விளக்கு எரிகிறது, பேட்டரி செத்துவிட்டது

நேற்றும் ஒன்று வந்தது. உள்ளங்கையில் அடங்கும் பொம்மை ஹெலிகாப்டர். "இறக்கை சுற்றுகிறது, எழும்பவில்லை. மோட்டார் போய்விட்டது, மாற்றிக் கொடுங்கள்" என்றார் கொண்டுவந்தவர். மூடியைக் கழற்றினேன். தட்டையாக இருக்க வேண்டிய பேட்டரி தலையணை மாதிரி உப்பியிருந்தது. அதில் ஓர் ஊசித் துளை, துளையின் மேல் டேப். காற்று ஏறிவிட்டதென்று குத்தி வெளியேற்றினாராம்!

அது காற்று அல்ல, உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து உண்டான வாயு. அந்தத் திரவமோ எளிதில் பற்றிக்கொள்வது. ஊசி உள்ளே இரண்டு தகடுகளைச் சேர்த்திருந்தால் அவருடைய கையிலேயே தீப்பிடித்திருக்கும். பிழைத்தது அதிர்ஷ்டம்.

பேட்டரிதான் கெட்டிருக்கிறது என்றேன். எதிர்பார்த்த பதிலே வந்தது: "விளக்கு நன்றாக எரிகிறதே?"

இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. அந்தக் குட்டி விளக்குக்கு 20 மில்லி ஆம்பியர் தாராளம். மோட்டார்கள் சேர்ந்து பொம்மையைத் தூக்க ஓர் ஆம்பியருக்கும் மேல் வேண்டும். அடைத்துக்கொண்ட குழாயிலும் டம்ளர் நிரம்பும், தோட்டத்துக்குப் பாயாது. மீட்டரை வைத்தே காட்டினேன். சும்மா இருக்கும்போது 4.1 வோல்ட், ரிமோட்டில் விசையை ஏற்றியதும் முள் 3-க்குக் கீழே விழுந்தது. விளக்கு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

எழும்பவில்லை என்றதும் விடிய விடிய சார்ஜ் போடுகிறார்கள். நிறுத்துங்கள். உடன் வந்த சார்ஜ் வயரில்தான் பெரும்பாலும் பேட்டரி நிரம்பியதும், அதாவது 4.2 வோல்ட்டில், சார்ஜை நிறுத்தும் சில்லு இருக்கிறது. அதை வெட்டிவிட்டு வேறு வயரை ஒட்டாதீர்கள். பறந்து சூடான பேட்டரி ஆறட்டும், பிறகு சார்ஜ் செய்யுங்கள். செய்யும்போது பக்கத்தில் இருங்கள், மெத்தைமேல் வைக்காதீர்கள்.

மற்ற கோளாறுகளில் பாதிக்கு என்னிடம் வரவே வேண்டாம். பல்சக்கரத்தில் தலைமுடி சுற்றியிருக்கும், ட்வீசரால் எடுத்துவிடுங்கள். நின்ற இடத்தில் பம்பரமாகச் சுற்றினால் ரிமோட்டில் அதைச் சரிசெய்யும் டிரிம் குமிழைத் திருப்புங்கள். ஜைரோ (திரும்புவதை உணரும் சில்லு) உள்ள பொம்மையைச் சமதளத்தில் வைத்து, அசைக்காமல் ஆன் செய்யுங்கள். கையில் ஆட்டிக்கொண்டே ஆன் செய்தால் அதற்கு நிலை பிடிபடாது. அகச்சிவப்பு ரிமோட் என்றால் வெயிலில் தடுமாறும், அது பழுதல்ல. இறக்கையின் திருகை முறுக்கித் தொலைக்காதீர்கள்! இறக்கை லேசாக ஆட வேண்டும் என்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

உப்பிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம், தயவுசெய்து. வீட்டுக்கு வெளியே ஒரு தகர டப்பாவில் மணலுக்குள் வைத்து, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். அதுவரை குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது.

நேற்று வந்தவருக்குப் புது பேட்டரி மாட்டினேன். பழைய மோட்டாரோடுதான் கூரை வரை எழும்பியது.